சபீதா என்ற ஃபைல்

அழிந்த ஃபைல்களின் பெயர்கள் திரையில் ஓடி நின்றபோது, கடைசிப் பெயர் சபீதா என்றிருந்தது. இருந்திருக்கக் கூடாது.

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில், எழுதும் ஒவ்வொன்றுக்கும் வீட்டுக் குழந்தையின் பெயரை வைப்பது வழக்கம். கண்பட்டுவிடும் என்று மறுத்துவந்த விஜயஸ்ரீ, போன வாரம் வேறு பெயர் யோசிக்கத் தெம்பில்லாமல் மகள் பெயரையே வைத்துவிட்டாள். சாயங்காலம் கிளம்புமுன், கம்ப்யூட்டர் தானாக உண்டாக்கிய ஃபைல்களை அழித்து இடத்தைக் காலி செய்யவேண்டும். கையால் எழுதியது இருந்தால் போதும், அவை நாளைக்கு மறுபடி உண்டாகிவிடும். பத்து மணி நேரம் திரையைப் பார்த்துப் பூத்துப்போன கண்ணோடு, கையால் எழுதியதையே அழிக்கவேண்டிய பட்டியலில் சேர்த்திருந்தாள்.

ஏசியின் உறுமலும், சூடேறிய மானிட்டரின் தூசி வாடையும், ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் பைய ஏறிக்கொண்டிருந்ததும் சேர்ந்து அவளுக்கு ஏனோ மகள் நினைப்பைக் கொண்டுவந்தன. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"சபீதா பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்துட்டாளா?"

"எந்த சபீதா?" கணவன் ஐயம்பெருமாளின் குரலில் கேலி இல்லை. "என்னட்டி ஆச்சு ஒனக்கு? நமக்குத்தான் புள்ளையே இல்லையே."

ரிசீவரை வைத்தாள். நேற்று ஃப்ளாப்பியில் நகல் எடுத்தது ஞாபகம் வந்தது. தேடி எடுத்துச் செருகினாள். ஃப்ளாப்பி கரகரத்தது. பாதியில் நின்றது.

சில பகுதிகளைப் படிக்க முடியவில்லை, விட்டுவிட்டுத் தொடரவா என்று திரை கேட்டது.

என் பிள்ளை வந்தால் போதும். ஆமென்று தட்டினாள்.

மறுபடி போன்.

"வந்துட்டாளே. இங்கனதான் இருக்கா. எதுக்குட்டி அழுத?"

பஸ்ஸில் வந்த அரை மணி நேரமும் அவள் எதையும் நினைக்கவில்லை. நினைக்கத் திராணியில்லை. வாசலில் சபீதா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அதே தேங்காயெண்ணெய் வாசம். அதே ரெட்டைச் சடை. அப்பாடா என்றிருந்தது விஜயஸ்ரீக்கு.

பிள்ளையை முகம் கழுவக் கூட்டிப்போய், பள்ளிக்கூடச் சட்டையைக் கழற்றினாள்.

வயிறு வழவழவென்றிருந்தது. தடவிப் பார்த்தாள். மறுபடி தடவினாள்.

தொப்புள் இல்லை.

"என்னம்மா தேடுத?"

சபீதா குனிந்து, சின்ன விரல்களால் தானும் தேடத் தொடங்கினாள்.