ஆரஞ்சு கோட்டும் ஊதா பாட்டிலும்

சுண்டு பொத்தென்று விழுந்தாள். பனியில் அல்ல. வீட்டு முன்னறையில், நாற்காலிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில்.

விழுந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றப் பார்த்தாள், கை மடங்கவில்லை. காலை மடக்கப் பார்த்தாள், அதுவும் மடங்கவில்லை. கடைசியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கத்தினாள்.

"அம்மா! யாராவது தூக்கி விடுங்க!"

அறையிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"அம்மா, புது மெத்தை வந்திருக்கு போல. எங்க போடணும்?"

"டேய், தூக்கி விடுடா!"

"ஐயோ, மெத்தை பேசுது!"

சுண்டுவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் வகுப்பிலேயே குட்டையானவள் என்பதால் எல்லோருக்கும் அவள் சுண்டுதான். இந்தச் சனிக்கிழமை அவளுடைய வகுப்பைப் பள்ளிக்கூடத்தில் பனிமலைக்கு அழைத்துப் போகிறார்கள். பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ள! சுண்டுவுக்கு இதுதான் முதல் தடவை. ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, வாய் மட்டும் ஓயவில்லை.

ஆனால் என்ன உடுத்திக்கொண்டு போவது? அந்தப் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். அதன் விளைவுதான் இந்த மெத்தை. உள்ளே இரண்டு பருத்திப் பனியன், அதற்கு மேல் கட்டம் போட்ட சட்டை, அதற்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டு. காலில் பேன்ட்டுக்குள் பேன்ட், சாக்ஸுக்குள் சாக்ஸ்.

"இவ்வளவு போட்டா நான் எப்படிம்மா சறுக்குவேன்?"

"சறுக்கலைன்னா பரவாயில்ல. காய்ச்சல் வராம வந்தா போதும்" என்றார் அம்மா. "போன வருஷம் மழையில நனைஞ்சுட்டு வந்து படுத்தியே, ஞாபகம் இருக்கா? கண்ணையே திறக்கல நீ. பக்கத்துல உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்."

அம்மாவுக்குப் பயம் வந்தால் அது பார்ப்பதற்குக் கோபம் மாதிரிதான் இருக்கும். அது சுண்டுவுக்குத் தெரியும்.

"இங்க பாரு. நனையாம, நடுங்காம இருக்கிற மாதிரி டிரெஸ் இருந்தா போ. இல்லைன்னா வீட்ல இரு. அவ்வளவுதான்."

அண்ணன் அவளைத் தூக்கி நிறுத்தினான். ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற சுண்டு சின்னவளாகிக்கொண்டே வந்தாள். கடைசிப் பனியனோடு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். காற்று பட்டதுதான் தாமதம், பல் தந்தியடித்தது.

"அம்மா, இதைத் தொட்டுப் பாரேன்."

அம்மா பனியனைத் தொட்டார். "என்னடி இது, தொப்பலா நனைஞ்சிருக்கு!"

"எல்லாம் என் வேர்வைதான். பனியே இல்லாம நான் நனைஞ்சுட்டேன்."

அம்மாவின் புருவம் உயர்ந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவர்கள் வீட்டுக்குக் கீழேயே அவர்களுடைய சலவைக்கடை. அம்மாதான் முதலாளி. அப்பா வேனில் துணிகளைக் கொண்டு வருவதும் கொண்டு கொடுப்பதுமாக இருப்பார். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே இது என்ன துணி, எத்தனை தடவை துவைத்தது என்று சொல்லிவிடுவார் அம்மா. அவரிடம் வேறு எந்த விஷயத்திலும் வாதாடி ஜெயிக்க முடியாது. துணி விஷயத்தில் மட்டும், நியாயமாகப் பேசினால் காது கொடுப்பார்.

"அம்மா, ஹோட்டல் துண்டெல்லாம் மெஷின்லேருந்து எடுக்கும்போது எப்படி இருக்கும்?"

"கல்லு மாதிரி கனக்கும். பருத்தியாச்சே, தண்ணியை விடாது."

"ஃபுட்பால் டீம் ஜெர்சி?"

"அதுக்கென்ன, ரெண்டு உதறு உதறினா பாதி காஞ்சிடும்."

"அப்போ நான் உள்ளே எதைப் போட்டுக்கணும்?"

அம்மா அவளையே பார்த்தார். பிறகு பனியனைப் பார்த்தார். "வாயாடி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், அண்ணனுக்குச் சின்னதாகிப்போன முழுக்கை விளையாட்டுச் சட்டையைத் தேடி எடுத்து வந்தார். அதே துணியில் ஒரு பேன்ட்டும் கிடைத்தது. சட்டைக்கு மேல் ஒரே ஒரு கம்பளி ஸ்வெட்டர். சாக்ஸும் ஒன்றுதான், ஆனால் முழங்கால் வரை வருவது.

"ஒண்ணு போதுமா?" அம்மாவுக்கு மனசே இல்லை.

"போதும்மா. பூட்ஸும் ஹெல்மெட்டும் அங்கேயே குடுப்பாங்களாம். பூட்ஸ் இறுக்கமா இருக்குமாம். ரெண்டு மூணு சாக்ஸ் போட்டா மடிஞ்சு கால் வலிக்கும்னு விளையாட்டு டீச்சர் சொன்னாங்க. கால் மரத்துப்போய் இன்னும் குளிருமாம்."

"சரி, மேலே போட்டுக்கக் கோட்டு? தண்ணி உள்ளே போகாத கோட்டு நம்மகிட்ட ஏது?"

அதற்கும் சுண்டு வழி கண்டுபிடித்தாள். எதிர்ப்பக்கம் பேக்கரி நடத்தும் அக்கா காலேஜில் படிக்கும்போது பனிச்சறுக்குப் போனவர். ரொட்டி வாங்கப் போன இடத்தில் சுண்டு கூச்சத்தை விட்டுக் கேட்டேவிட்டாள். அக்கா பரணில் ஏறி ஒரு பையை இறக்கினார். உள்ளே பளிச்சென்று ஓர் ஆரஞ்சு கோட்டு, அதே நிறத்தில் பேன்ட்டு.

"உனக்குக் கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும். ஆனா இதோட வித்தையைப் பாரு" என்று அக்கா ஒரு டம்ளர் தண்ணீரைக் கோட்டின் கை மேல் ஊற்றினார். தண்ணீர் மணி மணியாக உருண்டு கீழே ஓடியது. துணியில் ஈரமே இல்லை.

சுண்டு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள்.

அம்மா கோட்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். "ரொட்டி வாசனையும் பரண் வாசனையும் அடிக்குது. நாளைக்குத் துவைச்சு வைக்கிறேன்."

"வேணாம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"சலவைக்கடை வச்சுக்கிட்டு அடுத்தவங்க துணியை அப்படியே போட்டுக்கிட்டுப் போவியா? கடை பேரு என்னாகும்?"

கடை பேரு என்று வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்த சுண்டு, கோட்டு மடிப்புக் கலையாமல் நாற்காலியில் தொங்குவதைப் பார்த்தாள். பூந்தோட்டம் போல மணந்தது.

"எங்க, உன் வித்தையைக் காட்டு" என்று சிரித்துக்கொண்டே அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

சுண்டு பெருமையாகக் கோட்டின் கையில் ஊற்றினாள்.

தண்ணீர் உருளவில்லை. அப்படியே பரவியது. ஆரஞ்சு நிறம் கறுத்துக்கொண்டே போனது. அம்மா கோட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"உள்ளே இறங்குது சுண்டு."

"நேத்து இறங்கலம்மா! என் கண்ணால பார்த்தேன்!"

"பழைய கோட்டு, கண்ணு. உழைச்சு ஓய்ஞ்சுபோச்சு. இதை நம்பி உன்னைப் பனிக்குள்ள அனுப்ப முடியாது." அம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "அடுத்த வருஷம் போகலாம். அதுக்குள்ள நல்லதா ஒண்ணு வாங்கித் தரேன்."

சுண்டுவின் கண்கள் நிறைந்துவிட்டன. கோட்டைத் தூக்கிக்கொண்டு கீழே கடைக்கு ஓடினாள். மூங்கில் கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்து, கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

நேற்று ஓடிய தண்ணீர் இன்று ஏன் ஓடவில்லை? ஒரே நாளில் ஒரு கோட்டு கிழடாகிவிடுமா?

விசும்பலுக்கு நடுவே மூச்சை இழுத்தபோது பூ வாசனை மூக்கில் ஏறியது. அம்மா கடைசி அலசலில் ஊற்றும் ஊதா நிறத் தண்ணீரின் வாசனை. துணியை மெத்தென்று ஆக்கும், மணக்கவும் வைக்கும். கடைக்கு வரும் எல்லாத் துணியிலும் அந்த வாசனை உண்டு.

எல்லாத் துணியிலுமா?

சுண்டு தலையைத் தூக்கினாள். எதிர் அலமாரியில் காபிக்கடைக் குடைத்துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. காபிக்கடை வாசலில் மேசைகளுக்கு மேல் விரிக்கிற பெரிய குடைகளின் துணி. எழுந்துபோய் முகர்ந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை.

அவளுக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. ஒரு முறை அண்ணன் அந்தத் துணிக்கும் ஊதாத் தண்ணீரை ஊற்றிவிட்டான். அடுத்த மழையில் குடை ஒழுகி, அத்தனை பேர் காபியிலும் சொட்டுச் சொட்டாக மழை விழுந்தது. காபிக்கடைக்காரர் வந்து போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

சுண்டு துள்ளிக் குதித்தாள். 'அம்மா, எல்லாம் உன்னாலதான்!' என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. படியில் பாதி ஏறியவள் நின்றாள்.

கையிலிருந்த கோட்டின் காலரைப் பார்த்தாள். அதில் பழைய அழுக்குக் கோடு ஒன்று நேற்று இருந்தது. இப்போது இல்லை. மெஷினில் அது போகாது. அம்மா கையால் தேய்த்திருக்க வேண்டும்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாக மேலே போனாள். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் அருகில் உட்கார்ந்து, நறுக்கிய கேரட்டை அம்மாவுக்குத் தெரியாமல் தின்றுகொண்டிருந்தான்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளு."

"காபிக்கடைக் குடைத்துணிக்கு மட்டும் நாம ஏன் ஊதாத் தண்ணி ஊத்துறதில்ல?"

"அதை ஊத்தினா துணி மேல ஒட்டிக்கும்டி. அப்புறம் மழைத்தண்ணி உருண்டு ஓடாது, உள்ளே இறங்கிடும். உங்க அண்ணன் ஒரு தடவை ஊத்திட்டு..."

கத்தி நின்றது.

"ஐயையோ!"

"எத்தனை மூடிம்மா ஊத்தின?" என்று அண்ணன் ஆவலாகக் கேட்டான். தன்னோடு சேர்ந்து மாட்ட இன்னொரு ஆள் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு.

"பேக்கரிப் பொண்ணோட துணியாச்சே, மணக்க மணக்கப் போகட்டும்னு..." அம்மாவின் குரல் தேய்ந்தது. "நாலு மூடி."

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்! என் பிள்ளைக்கு நல்லது பண்றேன்னு நானே கெடுத்துட்டேனே."

சுண்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் கெடலம்மா. அன்னிக்குக் குடைத்துணியை எப்படிச் சரி பண்ணின?"

"வாசனை போற வரைக்கும் வெறும் வெந்நீர்ல அலசினேன். அப்புறம் டிரையர்ல மிதமான சூட்டுல..." சொல்லி முடிப்பதற்குள் அம்மா படியில் பாதி தூரம் இறங்கியிருந்தார்.

அம்மா கோட்டின் உள்பக்கம் தைத்திருந்த சலவைக் குறிப்பைப் படித்துப் பார்த்து, டிரையரில் போடலாம் என்று உறுதி செய்துகொண்டார். பேன்ட்டையும் சேர்த்துப் போட்டு மெஷினை ஓடவிட்டார். ஒவ்வோர் அலசலுக்குப் பிறகும் முகர்ந்து பார்ப்பது அண்ணனின் வேலை. அவன் கண்ணை மூடிக்கொண்டு, பெரிய நிபுணர் மாதிரி மூச்சை இழுத்தான்.

"கல்யாண வீடு மாதிரி மணக்குது. இன்னொரு தடவை."

மறுபடியும் அலசினார்கள்.

"இப்போ தூரத்துல எங்கேயோ கல்யாணம் நடக்குது."

மறுபடியும் அலசினார்கள்.

"வெறும் ஈரத்துணி. எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு!"

டிரையருக்குள் ஆரஞ்சு கோட்டு சுற்றிச் சுற்றி வந்தது. சுண்டு கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு அதையே பார்த்தாள். இது சரியாகவில்லை என்றால் நாளை பஸ் அவள் இல்லாமல் போகும்.

கோட்டு வெளியே வந்தது. சுண்டு டம்ளரை அம்மாவிடம் நீட்டினாள்.

"நீயே ஊத்தும்மா."

அம்மா ஒரு சொட்டு விட்டார். அது துணி மேல் முத்து மாதிரி நின்றது. யோசித்தது. பிறகு உருண்டு ஓடியது.

அம்மா இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அதுவும் ஓடியது. இன்னும் ஊற்றினார். பேன்ட்டிலும் ஊற்றினார். உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் ஊற்றினார்.

"அம்மா, போதும்! கடை மிதக்குது!"

அம்மா டம்ளரை வைத்துவிட்டுச் சுண்டுவைக் கட்டிக்கொண்டார். "போய்ட்டு வா" என்றார்.

மறுநாள் மலை முழுக்க வெள்ளை. பனிச்சறுக்கில் முதல் பாடம் விழுவது என்று யாரும் சுண்டுவுக்குச் சொல்லவில்லை. அவள் முன்னால் விழுந்தாள், பின்னால் விழுந்தாள், சும்மா நிற்கும்போதும் விழுந்தாள். கோட்டு மேல் ஒட்டிய பனி உதறியதும் உதிர்ந்தது.

பக்கத்தில் விழுந்து கிடந்த பின்வரிசைத் தோழி மட்டும் எழுந்திருக்காமல் கையை ஊதிக்கொண்டிருந்தாள். அவளுடைய நூல் கையுறை நனைந்து தொங்கியது. துடைத்துவிட ஏதாவது இருக்குமா என்று சுண்டு தன் கோட்டின் உள்பைக்குள் கைவிட்டாள். ஏதோ தட்டுப்பட்டது. பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு ஜோடி தடிமனான கையுறை! அம்மாவுக்கு எதையாவது கூடுதலாக வைக்காவிட்டால் மனசு ஆறாதே.

"இந்தா, போட்டுக்கோ. எங்கம்மா உனக்காகத்தான் வச்சாங்க போல."

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, அண்ணனோடு காத்திருந்த அம்மா அவள் கழுத்துப் பக்கமாகக் கையை விட்டுப் பார்த்தார். உள்சட்டை காய்ந்திருந்தது. அம்மா நீளமாக மூச்சு விட்டார்.

"விழுந்தியா?"

"எக்கச்சக்கமா!"

"யாரு தூக்கி விட்டா?"

"யாரும் இல்ல. எல்லாத் தடவையும் நானே எழுந்துட்டேன்."

அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினார். பிறகு கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு இதைப் பேக்கரி அக்காகிட்ட திருப்பிக் குடுக்கணும். துவைச்சு வைக்கிறேன்."

சுண்டுவும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள்.

"என்னடா அப்படிப் பார்க்குறீங்க?" என்றார் அம்மா. "ஊதா பாட்டிலை அப்பாவோட வேன்ல வச்சுப் பூட்டிட்டேன்!"