அண்ணி வாங்கிய ஊசி

காலை ஏழரை மணிக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஏழே முக்காலுக்கு அவள் குற்றவாளி ஆகிவிட்டாள். இடையில் இருந்த கால் மணி நேரத்தில் அந்த வீட்டில் ஒருவர்கூட அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவளுடைய நாத்தனாருக்குப் புற்றுநோய். இரண்டாவது சுற்று மருந்து ஏற்றிப் பத்து நாளாகிறது. அந்த மருந்து நோயை மட்டுமா அடிக்கிறது? உடம்பைக் காக்கிற வெள்ளணுக்களையும் சேர்த்து அடித்துவிடுகிறது. அவை மறுபடி ஏறுவதற்காக நாளுக்கு ஒன்றாக ஐந்து ஊசி. ஏறினால்தான் அடுத்த சுற்று. ஏறாவிட்டால் ஒரு சாதாரணக் காய்ச்சல்கூட ஆளைக் கொண்டுபோய்விடும். ஐந்தும் போட்டு முடித்தாயிற்று. எண்ணிக்கை ஏறவில்லை, இருந்ததிலும் பாதி போயிருந்தது.

செய்தி கேட்டு வண்டியை விரட்டிக்கொண்டு வந்த கொழுந்தன் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. அவன் மருந்துக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. இதே ஊசியைத்தான் விலை கூடிய பெயரில் டாக்டர்களிடம் கொண்டுபோய்ப் பேசி விற்கிறான்.

"மலிவா வாங்கினா இப்படித்தான் அண்ணி ஆகும். அன்னைக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேன்..."

அடித்துக்கொண்டது உண்மைதான். டாக்டர் சீட்டில் மருந்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தார். கடையில் அதே மருந்து ஐந்தாறு கம்பெனிப் பெயர்களில் இருந்தது. எது வேண்டுமானாலும் வாங்கலாமா என்று அவள் டாக்டரிடமே கேட்டாள், சரி என்றார். முதல் சுற்றில் அவள் வாங்கி, நர்ஸிடம் பழகிக்கொண்டு அவளே போட்ட ஊசியில் எண்ணிக்கை நன்றாகவே ஏறியது. அதெல்லாம் இப்போது யாருக்கு நினைவிருக்கிறது? இந்தச் சுற்றில் அவளுக்குத் தொழிற்சாலையில் வாரம் முழுவதும் பகல் ஷிப்ட். ஊசி போடத் தெரிந்தவன் ஆயிற்றே என்று கொழுந்தன்தான் தினமும் மதியம் வந்து போட்டுவிட்டுப் போனான்.

மாமனார் தீர்ப்பையும் சொல்லிவிட்டார். இனி மருந்து விஷயத்தில் அவள் தலையிடக் கூடாதாம், எல்லாம் சின்னவன் பார்த்துக்கொள்வானாம். அவளுடைய கணவன் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாயில்லாப் பூச்சியிடம் அவள் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் நெஞ்சு எரிந்தது. தொழிற்சாலையின் வெளியூர்க் கிளையில் மேற்பார்வையாளர் வேலை அவளைத் தேடி வந்தபோது, நாத்தனாரை யார் பார்ப்பது என்றுதான் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள். அதற்குக் கிடைத்த மரியாதை இது.

"பெரிய கம்பெனி ஊசின்னா பெட்டியிலயே ஒரு தரம் தெரியும்," என்றான் கொழுந்தன்.

அங்கேதான் அவள் நிமிர்ந்தாள்.

"பெட்டியைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க தம்பி. பதினாலு வருஷமா மருந்துப் பெட்டி ஒட்டறவ நான். உங்க கம்பெனிப் பெட்டியும் நான் வாங்கின பெட்டியும் ஒரே மெஷின்லதான் வெட்டுப்படுது. உங்களதுக்கு ரெண்டு கோட்டிங் பளபளப்பு ஜாஸ்தி, அவ்வளவுதான். உள்ள இருக்கறது என்னன்னு டாக்டரைக் கேட்டுத்தான் வாங்கினேன்."

"அப்ப ஏன் ஏறல?"

"அண்ணி வாங்கினதை நான் போட்டுக்கவே இல்லை."

அறை வாசலில் நாத்தனார் நின்றாள். முடி கொட்டிய தலையில் துண்டு, முகத்தில் முகக்கவசம், ஒரு கை சுவரில். சின்ன அண்ணன் முதல் நாளே அந்தப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு தன் கம்பெனி ஊசி ஐந்தை வைத்துவிட்டதாக அழுதுகொண்டே சொன்னாள். உனக்கு மட்டமானது வேண்டாம், அண்ணியிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினானாம். "உயிர் போற பயத்துல நானும் வாயை மூடிக்கிட்டேன் அண்ணி..."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். அவள் மட்டும் கொழுந்தனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறொரு சந்தேகம்.

"உங்க ஊசியும் நல்ல ஊசிதான். அதை ஃப்ரிட்ஜ்ல எங்க வெச்சீங்க?"

அவன் பார்வை ஃப்ரிட்ஜ் பக்கம் ஓடித் திரும்பியது.

"என் கண்ணுல படக்கூடாதுன்னு பின்னாடி வெச்சீங்களா?"

அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து, பின்சுவரை ஒட்டி யாரோ தள்ளி வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசையில் போட்டாள். உள்ளே தண்ணீர் கல்லாக இருந்தது. அந்தப் பழைய ஃப்ரிட்ஜில் பின்பக்கம் வைத்தது எல்லாம் உறைந்துவிடும் என்பது இங்கே குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். தனிக்குடித்தனம் போனவனுக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த ஊசி உறைந்தால் போடக்கூடாது என்பதை, அவன் நாள் தவறாமல் டாக்டர்களிடம் ஒப்பிக்கிறவன்.

"மறுநாள் எடுக்கும்போதே மிச்சம் நாலும் ஐஸா இருந்துச்சு," என்றான் அவன், தலையைத் தூக்காமல். "சொன்னா மாத்தினது தெரிஞ்சிடும்... ஒரு ராத்திரிதானே, உருக வெச்சுப் போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். இன்னைக்கு ரிசல்ட்டைப் பார்த்ததும் பயந்துட்டேன் அண்ணி."

"பயம் உங்களுக்கு. பழி எனக்கா?"

அவன் அழுதபடி தங்கையை நோக்கிப் போனான். அண்ணி குறுக்கே நின்றாள்.

"தொடாதீங்க. வெளியில இருந்து வந்த கை. உடம்புல வெள்ளணு இல்லாதவ அவ."

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. மருத்துவமனைக்கு அவளே போன் செய்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். உறைந்ததை நம்ப முடியாது, இன்றிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள் என்றார்கள். தன் வீட்டில் பத்திரமாக இருக்கும் அவள் வாங்கிய ஊசிகளைக் கொண்டுவரட்டுமா என்று கொழுந்தன் கேட்டான். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை நான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள். வாசலில் மாமனார் தொண்டையைச் செருமி, இனி நீயே பார்த்துக்கொள் அம்மா என்றார்.

"பார்த்துக்கறேன் மாமா. ஆனா என்னைக் கேக்காம என்னைப் பத்தித் தீர்ப்பு சொல்றது இன்னையோட நிக்கணும்." கணவன் பக்கம் திரும்பினாள். "பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, பின்னாடி இருக்கறதை எல்லாம் எடுத்து முன்னாடி வைங்க."

அவன் மடித்து வைத்தான்.

ஆறாவது நாள் மாலை அவள் ஷிப்ட் முடிந்து வந்தபோது நாத்தனார் கூடத்திலேயே நின்றிருந்தாள். எண்ணிக்கை ஏறிவிட்டது, அடுத்த வாரம் மூன்றாவது சுற்று என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"இரு," என்றாள் அண்ணி.

குழாயடிக்குப் போய், விரலிடுக்கில் காய்ந்திருந்த பெட்டிப் பசையைச் சுரண்டி, முழங்கைவரை சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். துடைத்துக்கொண்டு திரும்பி வந்து அவளை அள்ளிக் கட்டிக்கொண்டாள். அத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.