சமவுடை

ஆறாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே முகம். லேசாகச் சிரிக்கும் முகம்.

அந்த முகத்தைச் சமவுடையின் கழுத்துப்பட்டி ஒளியால் வரைகிறது. துணிக்குள் ஓடும் தசையிழைகள் கூனலை நிமிர்த்தும். கால் சரியில்லாத பிள்ளையை நேராக நடத்தும். திக்குவாய்ப் பிள்ளை கூசக் கூடாது என்று பட்டியே ஒரே குரலில் பதில் சொல்லும். பெயர் யாரும் சொல்வதில்லை. பெயரில் சாதி தெரியும்.

கறுப்பாக இருந்ததற்காகக் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவள் கோமளா டீச்சர். இந்த உடை வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களில் அவளும் ஒருத்தி.

மதியம் கைபேசி அதிர்ந்தது.

"டீச்சர், இதழினி அம்மா பேசறேங்க. பாப்பா எப்படி இருக்கா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

"காலைல நெருப்பாக் கொதிச்சுதுங்க. எனக்கு மில்லுல ஷிப்டு. உடுப்ப மாட்டிவிட்டேன், எந்திரிச்சு அதுபாட்டுக்கு நடந்துருச்சு. இங்க எல்லாரும் அப்படித்தாங்க அனுப்பறோம். இப்ப மனசு கேக்கல."

"லைன்லயே இருங்க."

கோமளா வகுப்பைப் பார்த்தாள். பிள்ளைகள் கைகட்டி, நிமிர்ந்து, சிரித்தபடி இருந்தார்கள்.

"யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"நலமாக இருக்கிறோம் டீச்சர்" என்றன பட்டிகள்.

"இதழினி யாரு? கை தூக்கு."

ஒரு கையும் எழவில்லை.

"எல்லாரும் பட்டியக் கழட்டுங்க."

சொன்னதற்கே வேலை போகும். ஆனால் பிள்ளைகள்தான் முதலில் பயந்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பள்ளியில் முகம் காட்டாத பிள்ளைகள். முன்னால் இருந்தவர்கள் இரண்டு கைகளாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டார்கள்.

"அசிங்கம் டீச்சர். அம்மா மட்டும்தான் பாக்கலாம்."

மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி கழுத்தைப் பொத்தவில்லை. கட்டிய கை கட்டியபடியே இருந்தது.

கோமளா பாய்ந்துபோய் அவள் பட்டியை அவிழ்த்தாள். முகம் அணைந்தது. தசையிழைகள் தளர்ந்தன. சிறுமி துவண்டு அவள் கையில் சரிந்தாள். உடம்பு தோசைக்கல்லாகச் சுட்டது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. மூச்சு இருந்தது, நூல்போல.

"ஆபீசுக்கு ஓடு. ஆம்புலன்ஸ் வரச் சொல்லு."

ஒரு பிள்ளை ஓடியது. முன்பெஞ்சுகளில் இருந்தவர்கள் கழுத்தைப் பிடித்தபடியே எழுந்துவந்து சூழ்ந்தார்கள்.

"யாரு டீச்சர் இது?" என்றாள் அதே பெஞ்சில் இருந்தவள்.

"உன் பக்கத்துல உக்கார்றவ."

"இவளா? இவ மூஞ்சி இப்படியா இருக்கும்?"

கைபேசியில் தாய் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கோமளா வீடியோவைப் போட்டுக் கைபேசியைச் சிறுமியின் பக்கம் திருப்பினாள்.

"பாப்பா கெடச்சுட்டா. மூச்சு இருக்கு. பயப்படாதீங்க."

 தாயின் குரல் மெதுவாக வந்தது.

"இது எம் பொண்ணு இல்லீங்க டீச்சர்."

கோமளா தலையை உயர்த்தினாள். சூழ்ந்து நின்ற தலைகளுக்கு இடையே கடைசி பெஞ்ச் தெரிந்தது.

அங்கிருந்து ஒருவரும் எழுந்து வரவில்லை, கழுத்தையும் பொத்தவில்லை. கைகட்டி, முதுகு வளையாமல், லேசாகச் சிரித்தபடி எல்லோரும் பாடத்துக்குக் காத்திருந்தார்கள்.