மூன்றாவது பாலத்தில் நிற்பவர்கள்

யாரும் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வரும் ஊர் அல்ல அது. தைவானின் ஹுவாலியன் நகரிலிருந்து உள்ளூர் ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு, நடுவில் பழைய பதிவு அலுவலகம். திங்கட்கிழமை காலை யாச்சிங் பெட்டியோடு உள்ளே நுழைந்தபோது, பக்கத்து மேசை சூஃபாங் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னம்மா, அங்க எந்த அதிகாரியையாவது அடிச்சுட்டியா? தண்டனைக்குத்தானே இங்க அனுப்புவாங்க!"

"இல்லக்கா, நானாத்தான் கேட்டேன்."

"அப்ப பைத்தியம்தான்."

யாச்சிங் சிரித்துச் சமாளித்தாள். சன்னலுக்கு வெளியே மூன்றாவது பாலம் தெரிந்தது. அதற்காகத்தான் வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

அப்பா இறந்தது ஆற்றுக்கு அப்பால் இருந்த ஆஸ்பத்திரியில். இறந்தவரின் ஆவியை வீட்டுக்கு அழைத்துவரும்போது, ஊதுவத்தி ஏந்துகிறவர் ஒவ்வொரு பாலத்திலும் குரல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆவி அங்கேயே நின்றுவிடும். முதல் இரண்டு பாலங்களில் யாச்சிங் குரல் கொடுத்தாள். மூன்று நாள் தூங்காத உடம்பு. மூன்றாவது பாலத்தில், காரிலேயே கண்ணயர்ந்துவிட்டாள்.

வீட்டில் பூசை மேசை முன், ஆம் இல்லை என்று குறி சொல்லும் பிறை வடிவ மரக்கட்டைகளை உருட்டி, "வந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றே விழுந்தது. நாற்பது நாளாகத் தினமும் அப்படித்தான். அம்மா அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து கனவில் அப்பா அந்தப் பாலத்தில் நின்றார். முதுகு மட்டும் தெரியும். இறந்துவிட்டார் என்ற உண்மையை அவரிடம் சொல்லிவிட்டால் வழி பிறக்கும் என்று யாச்சிங் நம்பினாள். கனவுக்குள்ளேயே விழித்திருக்கப் பழகினாள். விரல்களை எண்ண வேண்டும். ஒரு கையில் ஆறு இருந்தால் கனவு. ஒவ்வொரு முயற்சியையும் தேதியிட்டு எழுதிவைத்தாள். பாலத்துக்குப் பக்கத்திலேயே தூங்கினால் அவர் முகம் வரை போக முடியுமோ என்று தோன்றியது.

பன்னிரண்டரைக்கு, மதியத் தூக்கத்துக்காக, சூஃபாங் கதவைப் பூட்டி விளக்கை அணைத்தாள். எல்லோரும் வழக்கம்போல் மேசையில் கைகளை மடித்துத் தலை சாய்த்தார்கள். பொரித்த பன்றிக்கறியின் வாசம் இன்னும் அடங்கவில்லை. மின்விசிறி முனகியது.

பிறகு அது முனகுவதை நிறுத்தியது. ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

விரல்களை எண்ணினாள்.

ஆறு.

வெளியே வந்தாள். பாலத்தில் அப்பா மட்டும் நிற்கவில்லை. கைப்பிடிச் சுவர் நெடுக ஆட்கள், ஆற்றைப் பார்த்தபடி, பேச்சில்லாமல். ஈர மண்ணும் அழுகிய பூவும் கலந்த வாடை. அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கொய்யாப்பழக்காரி கூடையோடு நின்றாள்.

"அப்பா."

அவர் திரும்பினார். அதே முகம். "இவ்வளவு நேரமா? கால் கடுக்குது. கார் எங்க?"

"அப்பா, இது கனவு. நீங்க என் கனவுல இருக்கீங்க."

"வாய மூடு."

"சத்தியமாப்பா. நீங்க இறந்து நாப்பது நாளாச்சு. சந்தேகம்னா விரல எண்ணிப் பாருங்க."

அவர் சட்டென்று கைகளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

எண்ணியது கொய்யாப்பழக்காரி. "நாலு... அஞ்சு..." தன் கையையே உற்றுப் பார்த்தாள். "அட, ஆமா. அந்தப் பொண்ணு சொல்றது சரிதான்."

மறுகணம் அவள் அங்கே இல்லை.

கூடை சாய்ந்து பழங்கள் உருண்டன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் மெதுவாகத் தங்கள் கைகளை மறைத்துக்கொண்டார்கள்.

"பாத்தியா?" அப்பா கிசுகிசுத்தார். "போன வாரமும் ஒருத்தன் வந்து இப்படித்தான் பெத்தவகிட்ட சொன்னான். அவ நம்பிட்டா. வீட்டுக்கும் போகல, இங்கயும் இல்ல. நான் கனவுன்னு ஒத்துக்கிட்டா, நீ முழிச்சதும் எனக்கு என்னம்மா மிச்சம்?"

யாச்சிங் சாய்ந்து கிடந்த கூடையைப் பார்த்தாள். இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

இல்லாத ஊதுவத்தியைப் பிடிப்பதுபோல் இரு கைகளையும் குவித்தாள். முதுகைக் காட்டி நின்று, அன்று சொல்லாமல் விட்டதைச் சொன்னாள்.

"அப்பா, பாலம் வருது. கூடவே வாங்க."

நடந்தாள். பின்னால் அவருடைய செருப்புச் சத்தம், இடது காலை இழுத்து இழுத்து. அழுகை வந்தது.

பிறகு இன்னொரு செருப்பு.

பிறகு பல.

"அப்பா... உங்க பின்னாடி யாரு?"

"திரும்பாத. அவங்களக் கூப்பிட யாரும் வரலம்மா. நான்தான் வாங்கன்னேன்."

விளக்கு எரிந்தது. ஒன்றரை மணி. மேசையில் போன் அதிர்ந்தது. நாற்பது நாளுக்குப் பின் அம்மாவின் குரல், அழுகையும் சிரிப்புமாக: "விழுந்துடுச்சுடி! வந்துட்டாருன்னு மூணு தடவையும் விழுந்துடுச்சு!"

யாச்சிங் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் கவுண்டரில் போய் உட்கார்ந்தாள். டோக்கன் இயந்திரத்தின் முன் சூஃபாங் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"யாரு இத அழுத்தி விளையாடுனது? காலையில இருபத்தாறோட நின்னுச்சு. இப்ப முப்பத்தெட்டு வரைக்கும் கிழிஞ்சிருக்கு. கதவ இன்னும் திறக்கக்கூட இல்ல!"

"எந்த கவுண்டருக்குக்கா?"

"எல்லாமே உனக்குத்தான். சரி, அழுத்திவிடு, வரிசை தீரட்டும்."

யாச்சிங் பொத்தானை அழுத்தினாள். ஒலிபெருக்கி இருபத்தேழாம் எண்ணைக் கூப்பிட்டது.

அவளுக்கு எதிரே இருந்த காலி நாற்காலி, யாரோ உட்கார வசதியாக, தரையில் உரசிக்கொண்டு மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது.