காலி டிஸ்க்

புது டிஸ்க் காலியாக இருக்க வேண்டும். ஆனால் பதிந்ததைப் படிக்கும் சத்தம் அதிலிருந்துதான் வந்தது.

அவள் கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். கல்யாணப் படம் எடுப்பது அவள் தொழில். ஒன்று கெட்டாலும் படம் தொலையக்கூடாதென்று, எதைச் சேமித்தாலும் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே மாதிரி பதியும்படி கம்ப்யூட்டரில் அமைத்திருந்தாள். நேற்று ஒன்று செத்துப்போனது. கொழுந்தன் வாங்கிவந்த புதியதை அந்த இடத்தில் மாட்டி, மிஞ்சியதிலிருந்து நகலெடுக்க விட்டிருந்தாள். வெளியே மழை விடாத சாயங்காலம். ஜன்னலோரம் ஈரத்துணி நாற்றம், மேஜைக்கடியில் சூடேறிய தூசியின் வாசனை, அதற்குள்ளிருந்து யாரோ நகத்தால் மெல்லச் சுரண்டுவது போல அந்தச் சத்தம்.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்க. பழசை உங்க தலையில கட்டிட்டாங்களா?"

"ஐயோ அண்ணி, டப்பாவோட சீலை உடைச்சதே நீங்கதானே!"

வாஸ்தவம்தான். ஆனாலும் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் அவன். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. திரையைப் பார்த்தாள். பழையதிலிருந்து புதியதற்கு என்றுதான் அமைத்திருந்தாள். இப்போது தலைகீழாக இருந்தது. காலி டிஸ்க், பழையதன்மேல் எழுதிக்கொண்டிருந்தது.

நிறுத்தச் சொல்லி அழுத்தினாள். நிற்கவில்லை.

வீட்டுப் படங்களைத் திறந்தாள். கடற்கரை. கணவன், மகள். நடுவில் அவள் நின்ற இடத்தில், அவள் புடவையில், வேறொரு பெண். அடுத்த படம் ஆஸ்பத்திரிக் கட்டில். பிறந்த குழந்தையை ஏந்தியிருந்ததும் அந்தப் பெண்தான்.

வயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது.

சுரண்டல் அணையவில்லை.

வாசற்கதவு திறந்தது. நீச்சல் வகுப்பிலிருந்து கணவனும் மகளும். அப்பாடா என்று ஓடினாள். மகள் பின்வாங்கி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா... யாருப்பா இது?"

கணவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"யாருங்க நீங்க? எப்படி உள்ள வந்தீங்க?"



சமையலறையில் யாரோ குழாயை மூடினார்கள்.

"வந்துட்டியா தங்கம்? இதோ வர்றேன்."

ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள், படத்திலிருந்த அந்தப் பெண். மகள் பாய்ந்து போனாள். அந்தப் பெண் வாரியெடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ரொம்ப நாள் பழகிய இடத்தில் வைப்பது போல, முகத்தைப் புதைத்துக்கொண்டது.