கண் திறந்த மான்

அமெரிக்காவின் பிரிட்ஜ்வாட்டரில் இறந்துபோன ஒருவருடைய வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். நஞ்சுண்டனும் அவன் மனைவி வள்ளியும் சும்மாதான் உள்ளே போனார்கள். அவனுக்கு வேலை போய் நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அறுபதுக்குள் இன்னொன்று கிடைக்காவிட்டால் விசா முடிந்து ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

வீடெங்கும் ஈரக் கம்பளி வாசனை. ஜன்னலோரம் மூன்று பழைய சீனப் பீங்கான் ஜாடிகள், வெள்ளையில் நீலச் சித்திரங்களோடு. கொக்கு என்றால் ஆயுள், வௌவால் என்றால் அதிர்ஷ்டம், மான் என்றால் சம்பளம் என்றாள் விற்பவள். வள்ளி மானை எடுத்தாள். ஆயுளைப் பற்றி அப்போது யாருக்கும் கவலையில்லை.

மானுக்குக் கண் மட்டும் வரையப்படவில்லை.

ஆயுத பூஜையன்று கார், லேப்டாப், மிக்ஸி, வைஃபை பெட்டி எல்லாவற்றுக்கும் வள்ளி குங்குமம் வைத்தாள். ஜாடியிடம் வந்தபோது குருட்டு மானைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கண் இருக்கவேண்டிய இடத்திலேயே பொட்டை வைத்தாள்.

காலையில் ஜாடி வெறும் வெள்ளையாக இருந்தது.

சமையலறை முழுக்கக் காட்டு வாடை.

பதினொரு மணிக்கு போன் வந்தது. ஓர் இடம் திடீரென்று காலியாம். திங்கட்கிழமை சேர முடியுமா? அது நண்பன் மகாதேவனின் இடம். நஞ்சுண்டனின் ரெஸ்யூமேயை அங்கே கொடுத்துவைத்தவனே அவன்தான். விடிகாலையில் அவன் கார் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு மான் உள்ளே விழுந்திருந்தது.

நஞ்சுண்டன் சேர்ந்தான். சாவு வீட்டுக்கு வள்ளி சாம்பார் சாதம் கொண்டுபோனாள்.

திரும்பி வந்தபோது மான் ஜாடியில் நின்றது. கொம்பு நுனி மட்டும் நீலமாக இல்லை.

“அந்தக் கண்ணைத் துடைச்சிடலாங்க.”

“க்ரீன் கார்டு வரட்டும், வள்ளி.”

நவம்பரில் பக்கத்துத் தெரு எழிலரசி வந்தாள். அவள் கணவன் செழியனுக்கும் வேலை போய்விட்டதாம். அவன் ரெஸ்யூமேயை நஞ்சுண்டன்தான் தன் ஆபீசில் கொடுத்துவைத்திருந்தான். ஜாடி வந்த ராசி என்று வள்ளிதான் முன்பு ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

“அக்கா, கொஞ்ச நாளைக்கு அதைக் குடுங்களேன்.”

மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். வள்ளி உள்ளே போய்க் கட்டைவிரலால் அந்தக் கண்ணைத் தேய்த்தாள். போகவில்லை. போகட்டும், ஜாடியாவது வீட்டைவிட்டுப் போகிறதே என்று கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை எழிலரசி கூப்பிட்டாள்.

“அக்கா, ஜாடில மானைக் காணோம்.”

நஞ்சுண்டன் காரில் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

வள்ளி அவனை அழைத்தாள். நாலாவது மணியில் எடுத்தான். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“இரு, வள்ளி. ரோட்டு நடுவுல ஒண்ணு நிக்குது. ஹார்ன் அடிச்சும் நகர மாட்டேங்குது.”

கார் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது.

“நீலமா இருக்கு.”