ரெண்டும் ஓடுதோ?

செல்வராஜின் இடுப்பு வெள்ளிக்கிழமை மத்தியானமே பிடித்துக்கொண்டது. பாபடோயிட்டோய் என்ற ஊரின் கிடங்கில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகளைக் கண்டெய்னரிலிருந்து இறக்கி அடுக்கிப் பதினோரு வருஷம் தேய்ந்த இடுப்பு அது. ஞாயிறு ஆகியும் விடவில்லை. யாரோ ஆணி ஒன்றை முதுகின் அடியில் அடித்துவிட்டு எடுக்க மறந்து போனதைப் போல நின்று வலித்தது. அந்த இடுப்போடுதான் அவன் மகளுடைய அறையில் மண்டியிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் புது ஃபேனை மாட்டி, தகட்டை மூடி, சுவிட்சைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மாட்டியது ஒன்று. கேட்டது இரண்டு.

பெட்டிக்குள்ளே முன்பே சுழன்றுகொண்டிருந்த குட்டி விசிறிகளின் கீச்சொலி வேறு. அது அவனுக்குப் பழக்கம். புது ஃபேனின் உறுமலும் சரிதான். அதற்கும் அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. கனத்தது, மெதுவானது, முன்பக்கத்திலிருந்து வருவது. முன்பக்கத்திலோ ஃபேன் கிடையாது. ஃபேன் வைக்க விட்டிருந்த வெறும் கம்பிவலை மட்டும்தான் இருந்தது.

"அப்பா, ஐ செட் டூ," என்றாள் ப்ரியா கட்டிலில் படுத்தபடி. "யூ நெவர் லிசன்."

"ஓடுதா இல்லையா, அதப் பாரு."

"கடைக்காரரும் ரெண்டுன்னுதானே சொன்னார்?"

சொன்னான்தான். நேற்று நியூ லின் மாலுக்கு எதிரே இருந்த சின்னக் கடையில், நவின் என்ற மலேசியப் பையன் விரலை நீட்டி நீட்டி விளக்கினான். "அங்கிள், முன்னால ஒன்னு காத்த இழுக்கணும், பின்னால ஒன்னு தள்ளணும். ரெண்டு எடுங்க லா. இல்லன்னா முன்னால உள்ள சூடு அங்கியே நின்னுரும்." இரண்டு என்ற வார்த்தை செல்வராஜின் வாயில் வரவில்லை. "ஒண்ணு போதும்," என்றான். நவின் சிரித்தான். "அப்ப மண்டே திரும்பி வருவீங்க. பில்ல பத்திரமா வைங்க."

லக்ஷ்மிப்ரியாவுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு அனிமேஷன் படம் செய்துகொண்டிருந்தாள்; நாளைக் காலை ஒப்படைக்க வேண்டும். அரை மணிக்கொரு தரம் பெட்டி சூடேறி அணைந்துபோனதால் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. "வேக் மீ அட் ஃபைவ், ஓகே? கிடங்குல கத்துற மாதிரி கத்தாதீங்க," என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். மூச்சு உடனே சீரானது.

அந்த அறை தகனினியில் அவர்கள் இருந்த வீட்டின் கார் நிறுத்தும் கராஜ். மகள் வளர்ந்ததும் செல்வராஜே அதை அறையாக்கினான். ஜன்னல் இல்லை. வெளிப்பக்கத்து ரோலர் கதவின் இடுக்குகளைக் குளிருக்குப் பயந்து ஃபோம் வைத்து அடைத்து, திறக்காதபடி திருகாணி போட்டு முடுக்கியிருந்தான். வீட்டுக்குள் போகும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் வகை. இந்த நாட்டில் குளிர்காலமான ஜூலை மாத மழை கூரைத் தகட்டில் கொட்டிக்கொண்டிருந்தது; நாலரை மணிக்கே வெளிச்சம் வடிந்துவிட்டது.

அவன் மறுபடி குனிந்தான். சத்தம் ஒரே சீராக வரவில்லை. ஏறியது. நின்றது. இறங்கியது.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சமையலறையில் மனைவி ரதிதேவியின் சாமி அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துவந்தான். பின்பக்கம் பிடித்தான். புகை பெட்டியிலிருந்து விலகி ஓடியது. சரி. முன்பக்கம் கம்பிவலைக்கு நேரே பிடித்தான். புகை உள்ளே போனது. அதுவும் சரி, பின்னால் தள்ளினால் முன்னால் இழுக்கத்தான் செய்யும்.

புகை நின்றது.

அதே வலை வழியாக வெளியே வந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி உள்ளே.

பத்தியின் சாம்பல் கார்ப்பெட்டில் விழுந்தது. அப்போதுதான் அந்த வாடை வந்தது. பூண்டு. நறுக்கிய பூண்டு அல்ல. மூடிவைத்து மறந்து அழுகிய பூண்டு.

பத்தியை மேஜை விளிம்பில் செருகிவிட்டுச் சமையலறைக்குப் போனான். அங்கே வாடை இல்லை. முதியோர் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை டூட்டியில் இருந்த ரதிதேவிக்குப் போன் போட்டான்.

"ரதி, பூண்டு எங்கயாச்சும் கெட்டுப்போய்க் கெடக்கா?"

"வீட்ல பூண்டே இல்லியே, நேத்தே தீந்துபோச்சு. ஏன், சமைக்கப் போறீங்களா? அதான் இப்பிடி மழ கொட்டுது." சிரித்தாள். "பெல் அடிக்கிறாங்க, வைக்கிறேன்."

போனைக் கல்மேடையில் வைத்தான். அந்த வாடை எதனுடையது என்று அவனுக்குத் தெரியும். போன் பேசும் முன்பே தெரியும்.

அரிசிக் கண்டெய்னருக்குள் பூச்சிக்கு வைக்கும் மாத்திரையின் வாடை அது. மாத்திரை கரைந்து விஷக்காற்றாகி மூட்டைகளின் சந்துகளில் உட்கார்ந்திருக்கும். கதவைத் திறந்துபோட்டு, வாசலில் இரண்டு பெரிய ஃபேன் வைத்து ஓட்டி, காற்று வெளியேறிய பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். ஒன்று இழுக்க, ஒன்று தள்ள. சுவரில் படம் போட்டே ஒட்டியிருந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரி, இங்கே கோடைக்காலம். தார் இளகும் வெயில். ஃபேன் வைப்பது அன்று செல்வராஜின் வேலை. ஒன்றைக் கண்டெய்னர் வாசலில் வைத்தான். மற்றதை உருட்டிக்கொண்டுபோய், தகரக் கொட்டகைக்குள் தான் சோறு தின்னும் இடத்தில், தன் முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டான். கூட வேலை செய்த குணரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயசு, கையுறையை மாட்டிக்கொண்டே வெளியிலிருந்து கேட்டார்.

"தம்பி, ரெண்டும் ஓடுதோ?"

வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னான். "ஓடுதுண்ணே, போங்க."

குணரத்தினம் கண்டெய்னரின் கடைசியில், மூட்டை மேல் முகம் குப்புறச் செத்துக் கிடந்தார். செல்வராஜ் இரண்டாவது ஃபேனை வாசலுக்கு உருட்டி வந்து சுவிட்சைப் போட்ட பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டான். விசாரணைக்கு வந்தவர்களிடம் இரண்டும் ஓடியதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டான். ரதிதேவிக்கும் அதையேதான் சொன்னான்.

கராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். கதவு அவன் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

வாடை இப்போது கண்ணைக் கரித்தது. சுவரோடு ஒட்டி நடந்து பிளக்கைப் பிடுங்கினான். விளக்குப் புள்ளிகள் அணைந்தன. குட்டி விசிறிகள் நின்றன. புது ஃபேன் சுற்றிச் சுற்றித் தளர்ந்து, கடைசியாக ஒரு இறகைக் காட்டி நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

உள்ளே. நாலு எண்ணிக்கை. வெளியே.

"ப்ரியா."

அவள் அசையவில்லை.

"ஏ ப்ரியா, எந்திரி. எந்திரிம்மா."

தோளைப் பிடித்து உலுக்கினான். தலை மட்டும் ஆடியது. உதடுகள் லேசாகத் திறந்திருந்தன. பெட்டி மூச்சை இழுத்தபோது இவள் நெஞ்சு தாழ்ந்தது. பெட்டி விட்டபோது உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாக உயர்ந்தது.

தூக்கிவிடலாம். நாற்பத்தெட்டுக் கிலோ. இரண்டு மூட்டைகூட இல்லை. வாழ்நாளெல்லாம் தூக்கியதுதானே. முழங்கால்களை மடக்கி, அவள் முதுகுக்கு அடியில் ஒரு கையும் தொடைகளுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து எழுந்தான்.

இடுப்புக்குள் ஆணி திரும்பியது.

தரையில் கிடந்தான். அவள் பாதி கட்டிலிலும் பாதி அவன் மேலுமாகக் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே கால்கள் இருப்பதே தெரியவில்லை. போன் சமையலறையில். கதவின் கைப்பிடி தலைக்கு மேலே மூன்றடி உயரத்தில். கத்தினான். கூரைத் தகட்டில் மழை அதைவிடப் பெரிதாகக் கத்தியது. கண்ணெதிரே ரோலர் கதவின் உட்புறம், வரிவரியாக நெளிந்த தகடு. கண்டெய்னர் சுவரைப் போல.

கம்பிவலைக்குப் பின்னாலிருந்து, ரொம்பப் பக்கத்தில், சாப்பிட்டாச்சா என்று கேட்கும் குரலில்:

"தம்பி, ரெண்டும் ஓடுதோ?"

மூன்று வருஷமாக நெஞ்சில் அடைத்திருந்தது வாய்க்கு வந்தது.

"ஓடலண்ணே. ஒண்ணுதான் ஓடுச்சு. இன்னொண்ண என் மூஞ்சிக்கு வச்சிருந்தேன். எல்லார்ட்டயும் சொல்லிர்றேன். நாளைக்கே சொல்லிர்றேன். இவள விட்ருங்கண்ணே. இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

சத்தம் நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. மழை மட்டும். ப்ரியாவின் நெஞ்சு தானாக, முழுசாக, ஒரு தடவை உயர்ந்தது. அவன் அழுதான்.

ஐந்து.

மேஜை விளிம்பில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. அதன் புகை வளைந்து கீழே இறங்கியது. ப்ரியாவின் திறந்த வாய்க்கு முன்னால் வந்து, அங்கிருந்து கம்பிவலைவரை, இழுத்துக் கட்டிய நூல் போல நேராக நின்றது. உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. திரும்பவில்லை.

அவள் நெஞ்சு தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. மறுபடி உயரவில்லை.

இழுக்க ஒன்று இருந்தது. தள்ள ஒன்று இல்லை.

சொன்னதெல்லாம் வெறும் பேச்சு. குணரத்தினத்துக்கு அவன் தர வேண்டியது அப்படியே நின்றது: அன்று கண்டெய்னர் வாசலில் வைக்காத ஒரு ஃபேன்.